நண்டு துன்னலாமான்னு சொல்றதுக்குள்ள மைக்க நிறுத்துனது பத்தி

அனுப்புநர்:
மு. ஒவைஸ்,
'மூணு நிமிஷ தோஸ்து' சேனல்,
தண்டையார்பேட்டை, சென்னை.

பெறுநர்:
ஒருங்கிணைப்பு அலுவலர் அவர்கள்,
வடகரை அறிவியல் விழாக் குழு,
திருவொற்றியூர்.

பொருள்: 'மூணு நிமிஷத்துல என் ஆராய்ச்சி' போட்டியில செல்வி மகிழினியோட பேச்ச நிறுத்தி, வீடியோவையும் மறைச்சது தொடர்பா.

மதிப்புக்குரிய ஐயா,

எண்ணூர்லயே பொறந்து வளந்து பிஎச்டி பண்ற நம்ம மகிழினி அக்கா, கம்பெனிக் கழிவு கலக்குற கழிமுகத்து நண்ட துன்னலாமா கூடாதான்ற ரிசல்ட்டோட மேடையேறிட்டாங்கய்யா, மொத்த ஹாலும் விசிலு! ஆனா அந்த ரிசல்ட்டு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அதான் இந்த மனு.

1. ஆராய்ச்சி மாணவங்க பேசுறத வெட்டி ரீல்ஸ் போடுறவன் நான். காலேஜ் போனதில்ல, எல்லாம் செல்போன்லயே கத்துக்கினது. மூணு நிமிஷம், ஒரே ஸ்லைடு, மணி அடிச்சா எறங்கணும். ரூல்ஸ் மேல எனக்கு ஆட்சேபணை இல்ல.

2. அக்கா எடுத்தவுடனே, "இந்த வாரம் யார் வூட்ல நண்டு கொழம்பு?"ன்னு கேட்டாங்க. வேற எடத்துல அது சும்மா பேச்சுக்குக் கேக்குறது, ஜனம் கம்முனு குந்திகினு இருக்கும். நம்மாளுங்க வுடுவாங்களா? எண்ணூர்ல நண்டு விக்கிற சிலுவையம்மாள் அக்கா எழுந்து, "எங்க வூட்லதாம்மா, இன்னும் சட்டில கீது, வந்து துன்னுட்டுப் போ"ன்னாங்க. பின்னாடி ஒருத்தர், "தேங்கா அரைச்சியாமே, மொளகாவா?"ன்னாரு. ஊரு பொண்ணாச்சே, மகிழினி அக்காவும் ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லிக்கினே இருந்தாங்க. டைம் பூட்ச்சி.

3. சந்தேகம் இங்கதான் வருது. ரோபோ பத்தி பேசுன அண்ணனுக்கு புரொஜெக்டர் மக்கர் பண்ணப்போ கடிகாரத்த நிறுத்துனீங்க. அக்காவுக்கு ஏன் நிறுத்தல? மத்தவங்களுக்கு மணி மட்டும்தான் அடிச்சது. அக்கா "அதனால இந்த நண்ட"ன்னு வாய் தொறந்ததும் மணி, மைக்கு, ஸ்க்ரீன் எல்லாமே ஒண்ணா போச்சு. எப்பிடிங்கய்யா? மேடை பின்னால பேனர் கட்டியிருந்த கம்பெனிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னா சந்தோஷம். அத எழுத்துல குடுங்க.

4. உங்க சேனல்ல எல்லார் வீடியோவும் கீது, அக்காவோடது மட்டும் காணோம். ஏன்னு கமெண்ட் போட்டேன், தூக்கிட்டீங்க. வேற ஐடில "சூப்பர் நிகழ்ச்சி"ன்னு போட்டேன், ஹார்ட் வுட்டீங்க. அக்காவுக்கு போன் அடிச்சா, "விழா ஆபீஸ்ல கேளுப்பா ஒவைஸ், நான் பேசக் கூடாதாம்"னு வச்சிட்டாங்க. யாரு அப்பிடி சொன்னது?

5. சிலுவையம்மாள் அக்கா அன்னிலருந்து கழிமுகத்து நண்டு எடுக்கறதே இல்ல. "இன்னாமே, துன்னலாமா?"ன்னு கேக்குறவங்களுக்கு இன்னா சொல்றதுன்னு தெரியலயாம். நல்ல நண்டுன்னா அவங்க பொழப்பு அநியாயமா நிக்குது. கெட்ட நண்டுன்னா, அத இன்னும் எத்தினி வூட்டு புள்ளைங்க துன்னுகினு கீதுங்களோ.

அக்காவுக்குப் பரிசு கேக்கலிங்கய்யா. வீடியோவ வெட்டாம போடுங்க. அதே ஹால்ல ஜனத்தக் கூப்ட்டு, வுட்ட எடத்துலருந்து அவங்கள பேசி முடிக்க வுடுங்க. தயவு பண்ணி சீக்கிரம் செய்யுங்க.

இந்த மனு என் சேனல்லயும் கீது. பாக்குற தோஸ்துங்க எல்லாரும் ஷேர் பண்ணுங்க. ஞாயித்துக்கெழம காலைல விழா ஆபீஸ் வாசலுக்கு வாங்க, விக்கிறவங்க, வாங்குறவங்க, ஆக்குறவங்க எல்லாரும். சிலுவையம்மாள் அக்கா காலிக் கூடையோட மொத ஆளா நிக்கிறேன்னு சொல்லிக்கீறாங்க.

இடம்: தண்டையார்பேட்டை
நாள்: 06.01.2026

இப்படிக்கு,
மு. ஒவைஸ்