உப்புச் சட்டியில் ஒரு கோடு

நோன்பு 9. திங்கள்.

காலையிலேயே கொதிக்கிறது. ஆலை வாசலில் நெல் மூட்டை மலை. வேலை தலைக்கு மேல்.

மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்தேன். போன திங்களைவிட நாலு றாத்தல் கூட. தராசுக்கார மீராசா பல்லைக் காட்டினான். "கிளாக்கர், மாமி ஊட்டுச் சோறு நல்லா ஒட்டுது போல."

சிரிக்கட்டும். அவனுக்கு என்ன தெரியும்.

டாக்டர் சொன்னது, மறக்கக் கூடாது. உப்பு கூடவே கூடாது. நோன்பு வேண்டாம். வாதத்துக்குத் தந்த குளிசையைத் தன்பாட்டில் நிறுத்தக் கூடாது. கால் வீங்கி, நிறை ஏறிக்கொண்டே போனால் குளிசையைக் குறைக்க வேண்டி வரும்.

குறைத்தால்? இந்தக் கோட்டிசோன் குளிசை வருமுன் விரல்கள் பூட்டிக் கிடந்தன. சட்டைப் பொத்தானை என் பெண்சாதி ஆமினாதான் போட்டுவிட்டாள். பேனா பிடிக்க முடியாத கிளாக்கரை எந்த முதலாளி வைத்திருப்பார்?

மகுரிபு தொழுகைக்குப் பள்ளிவாசல். எனக்கு நோன்பில்லை என்று ஊருக்குத் தெரிந்தால் வெட்கம். வரிசையில் இருந்து எல்லாரோடும் பேரீச்சம்பழம், கஞ்சி இரண்டு கோப்பை. நாள் முழுக்க நாக்குக்குப் பிடிப்பது அது ஒன்றுதான்.

பிறகு வீட்டில் சோறு, அதன்மேல் ஊற்றிய மீனாணம். சப்பென்று. தேசிக்காய் பிழிந்திருந்தது. உப்பை மறைக்கவோ?

நோன்பு 10. செவ்வாய்.

முகம் வழிக்கும்போது கண்ணாடியில் பார்த்தேன். பேக்கரிப் பணிஸ் மாதிரி ஊதின முகம். செருப்பு வார் காலில் பதிந்து, மாலைவரை குழி மாறவில்லை.

தராசில் பிழையோ? படிக்கல்லை வைத்துப் பார்த்தேன். சரி. குளிசை மாறிவிட்டதோ? போத்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழையதேதான். இனி மிச்சம், சமைக்கும் குசினி.

மாமி வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து இரண்டு வருடம். இன்றுவரை மாமி என்னோடு நேரே ஒரு சொல் கதைத்ததில்லை. கதவுக்குப் பின்னால் இருந்து ஒரு கை வரும், சட்டியை வைக்கும், போய்விடும். முகம் தெரியாத கையை எப்படி நம்புவது?

இருட்டும் நேரம், குசினிப் பக்கம் மாமியின் குரல்: "இது வெளிய தெரிஞ்சா வெக்கம் புள்ள. மருமகனுக்கிட்ட மூச்சு விட்டுடாத." ஆமினா, "ஓம் உம்மா" என்றாள்.

பிடிபட்டது. இரண்டு பேரும் சேர்ந்துதான்.

நோன்பு 11. புதன்.

வேலைக்குப் பிந்தினேன், வேண்டுமென்றே. மாமி கிணற்றடிக்குப் போன நேரம் குசினிக்குள் நுழைந்தேன். அடுப்புக்குப் பின்னால் உப்புச் சட்டி. ஈர உப்பைத் தட்டிச் சமன் செய்து, நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்தேன். நாளைக்குத் தெரியும்.

ஆலைக்குப் போகும் வழியெல்லாம் எனக்கே சிரிப்பு வந்தது. பொலிசில் சேர்ந்திருக்க வேண்டியவன்.

பள்ளிக் கஞ்சியில் இன்று இறைச்சி. மூன்று கோப்பை.

நோன்பு 12. வியாழன்.

கோடு அப்படியே இருக்கிறது. அப்படியென்றால் வேறு சட்டி இருக்கிறது. எங்கே ஒளித்திருக்கிறார்? அரிசிப் பெட்டியில் இல்லை. விறகுக்குப் பின்னால் இல்லை.

தராசில் இன்னும் ஒரு றாத்தல்.

நோன்பு 13. வெள்ளி.

இதை எழுதிவைக்க வேண்டும்.

பள்ளியால் வந்தேன். ஆமினா சோறு வைத்தாள். சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டேன். பொறுக்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் கேட்கட்டும் என்று உரத்துத்தான் சொன்னேன். "உங்கட உம்மாட கையால இனித் திங்கமாட்டன். சோத்துல உப்பக் கலந்து என்னக் கொல்லப் பாக்காக. நாளைக்கி எங்கட உம்மா ஊட்ட போறன்."

ஆமினாவின் முகம் வெளுத்துவிட்டது. இந்த வீட்டுப் படியிறங்கிப் போகும் மாப்பிள்ளை திரும்பி வருவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பிறகு கதவுக்குப் பின்னால் இருந்து:

"மருமகன்."

இரண்டு வருடத்தில் முதல் சொல்.

"தல நோன்புலேருந்து இந்த ஊட்டுச் சட்டியில ஒரு கல்லு உப்பு விழல்ல. உங்களுக்குத் தனிச் சட்டி வச்சா, மருமகன ஒதுக்கி வச்ச மாதிரி. அதால எல்லாருக்கும் ஒரே ஆணம். உங்களுக்குத் தெரிஞ்சா மனம் வருந்துவீங்க, ஊருக்குத் தெரிஞ்சா உங்களுக்கு வெக்கம் எண்டுதான் சொல்லல்ல."

அந்தக் கை வந்தது. தாங்கள் தின்னும் சட்டியை என் முன்னால் வைத்தது.

தொட்டு நக்கினேன். சப்பென்று. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் இல்லாமல் இருந்துவிட்டு இதைத்தான் தின்றிருக்கிறார்கள் இரண்டு பேரும்.

ஆமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "பள்ளியில என்னத்தத் திண்ட நீங்க?"

"ஒண்டும் திங்கல்ல. கஞ்சி மட்டும்தான்."

"கஞ்சிய உப்புப் போடாமயா காச்சுற?"

அல்லாஹ்வே. பள்ளிக் கஞ்சி பறக்கத்து, அல்லாஹ்வின் அருள். அதில் உப்பு இருக்கும் என்று ஒருநாளாவது நினைத்தேனா? அதை ஒரு சாப்பாடாகவே நான் கணக்கெடுக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

கோப்பையை இழுத்து வைத்துச் சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சமில்லை.

நோன்பு 16. திங்கள்.

வானம் மப்பு. மழை இல்லை. மூன்று நாளாகக் கஞ்சி இல்லை. பள்ளியில் பேரீச்சம்பழத்தோடு எழும்பிவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவர் ஒரு மாதிரிப் பார்க்கிறார். பார்க்கட்டும்.

தராசில் இரண்டு றாத்தல் குறைவு. மீராசாவுக்கு ஏமாற்றம்.

வீடு வந்தபோது மாமி கதவுக்கு இந்தப் பக்கம், பாயில். முக்காட்டுக்குள் முகம். நினைத்ததைவிட வயது போன முகம். முன்னால் அதே உப்பில்லாத ஆணம்.

குசினிக்குள் போனேன். உப்புச் சட்டியை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தேன். "நீங்க போட்டுத் திண்ணுங்க மாமி."

"முதல்ல உங்களுக்குச் சுகம் வரட்டும்" என்று சட்டியை என் பக்கமே தள்ளிவிட்டார்.

சட்டிக்குள் பார்த்தேன். நான் இழுத்த கோடு இன்னும் அழியவில்லை.