இடது பக்கத்துக்கு அம்மா தைத்த வட்டங்கள்

மே 12, திங்கள்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. முடிச்சூரில் கரண்ட் இல்லை. நான் பாடம் எடுக்கும் ஸ்கூல் திறப்பதற்குள் ஆபரேஷன் முடிந்தாக வேண்டும்.

மேடவாக்கம் கிளினிக். டாக்டரம்மா மார்புக்குள் வைக்கும் சிலிகானை என் உள்ளங்கையில் வைத்தார். வழவழ, சில்லென்று, நுங்கு போல. இதுவா எனக்குள் போகப்போகிறது! திருப்பிக் கொடுக்கவே மனசு வரவில்லை.

அவர் சொன்னது: தசைக்கு அடியில் வைப்பார்கள். முதலில் இறுக்கமாக, மேலே ஏறினாற்போல் இருக்கும். இறங்கி உட்கார சில மாதம். மரத்துப்போகலாம், உணர்ச்சி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். பின்னால் ஒருநாள் மாற்ற வேண்டிவரலாம். "வலது பக்கம் மாதிரி அச்சு அசலா வரும்னு எதிர்பார்க்காதீங்க."

வீட்டில் அம்மா: "யாருக்குடி தெரியும், இடது பக்கம் வளரலன்னு? நான்தான் தைச்சுத் தரேன்ல? ஆண்டவர் குடுத்தது போதும்."

எனக்குப் பதினாலு வயதானதிலிருந்து தைக்கிறாள், ப்ராவுக்குள் வைத்துக்கொள்ள. பழைய காட்டன் புடவைத் துணி, உள்ளே பஞ்சு, வட்டம் வட்டமாக. அன்றிலிருந்து என் உடம்பை ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. அளவுகூடக் கேட்கமாட்டாள். அதுதான் எனக்கு ஆற்றாமை. ஒருதடவை பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லட்டுமே.

மே 15, வியாழன்

நேற்று முடிந்தது. நெஞ்சில் அம்மிக்கல். மல்லாந்துதான் படுக்கணும். கை தூக்கக் கூடாது. இறுக்கிப்பிடிக்கும் ப்ரா, ராத்திரி பகல். டீ மட்டும் நன்றாக இருந்தது.

அம்மா கிளினிக் வராந்தாவில் ஜெபம் பண்ணிக்கொண்டே இருந்தாளாம். உள்ளே வந்து காலைப் பிடித்துவிட்டாள். போர்வைக்கு மேல்தான் பார்வை.

மே 18, ஞாயிறு

சர்ச் போகவில்லை. ஒரே வியர்வை, கசகச. அம்மாதான் துடைத்துவிட வேண்டும். ஈரத்துண்டோடு வந்தாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு!

"அம்மா, கண்ணைத் திற. தையல் இருக்கு."

திறந்தாள். துண்டிலிருந்து தண்ணி தரையில் சொட்டியது.

"எஸ்தர்... இருக்குடி."

நானும் குனிந்து பார்த்தேன். வீக்கம், ஊதா நிறம், மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இருக்கிறது. இருபத்தொன்பது வயதில் முதல்முறையாக, ரெண்டு. என் உடம்பு எப்படி அதற்கு இடம் விட்டது? பிரமிப்பு. வேற வார்த்தை தெரியவில்லை. ரெண்டு பேரும் அழுதோம்.

அப்புறம் அம்மாவுக்குக் கோபம். "இத்தனை வருஷமா நான் சின்னதா தைச்சிருக்கேன். வாயைத் திறந்து சொன்னியா?"

மே 27, செவ்வாய்

செக்கப். நன்றாக ஆறுகிறதாம். மரப்பு போகவில்லை. வழியெல்லாம் தண்ணி லாரி.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கை தானாக இடது பக்கம் போனது, வட்டம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க. நகர எதுவும் இல்லை. தெருவிலேயே சிரித்துவிட்டேன்.

வீடு முழுக்க மீன் குழம்பு வாசனை. அம்மா அடுப்பிலிருந்து சட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். ரெண்டு கையிலும் என் வட்டங்கள்.

"நல்ல தடிமன்டி. சூடே ஏறல."