நீ எடுத்த ஐம்பது தண்டால்

இன்று காலை பக்கத்து வீட்டிலிருந்து நல்லெண்ணெய் வாசனை வந்தது. சமையலில் வருகிற வாசனை அல்ல. உடம்பில் தேய்த்து, வியர்வையோடு கலந்து வருகிறதே, அது. தட்டி ஓரமாக எட்டிப் பார்த்தேன். புதிதாகக் குடிவந்த மாணிக்கம் வாசலில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தான். அதைத் தண்டால் என்று சொல்லவே வாய் கூசுகிறது. இடுப்பு தொய்ந்து கிடந்தது. முழங்கை பாதிகூட மடங்கவில்லை. தலை மட்டும் ஓணான் தலை மாதிரி மேலும் கீழும் ஆடிற்று. வாய் மட்டும் "நாப்பத்தொண்ணு, நாப்பத்திரெண்டு" என்று ஓடிக்கொண்டே இருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இது தண்டால் இல்லப்பா. நெஞ்சு தரையில படணும். மறுபடி ஒண்ணுலேர்ந்து எண்ணு" என்றேன்.

அவன் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தான். "எண்ணுறதைப் பத்தி நீ இன்னா அண்ணே பேசறது? நீ எண்ணின கதைதான் இந்தக் கோரமண்டல் சுரங்கம் பூரா தெரியுமே" என்று சொல்லிச் சிரித்தான்.

உள்ளே வந்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது, சிநேகிதா. இந்தப் பேச்சைக் கேட்டு ஆறு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு அடங்கவில்லை. நம் பழைய சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை மேல் கோபம், என் மேல் கோபம். எல்லாவற்றையும்விட உன் மேல்தான் அதிகம். ஆகையால் உனக்கே எழுதுகிறேன்.

ரயில் மாரிகுப்பம் வரைக்கும் வராத காலத்தில் பவுரிங்பேட்டையில் இறங்கி இந்தத் தங்கச் சுரங்கத்துக்கு நடந்து வந்தவர்கள் நாம். நீ குடியாத்தம் பக்கம், நான் ஆம்பூர்ப் பக்கம். வழியில்தான் பழக்கமே. வந்த வாரமே இரண்டு பேரையும் ஒரே ஷிப்டில், பூமிக்கடியில் ஒரே லெவலில் போட்டார்கள். பாறையில் துளை போடும் கம்பியை நான் பிடித்துத் திருப்ப வேண்டும். அதன் தலையில் நீ சம்மட்டியால் அடிக்க வேண்டும். ஒற்றை மெழுகுவத்தி வெளிச்சம். என் கைக்கு நாலு விரல்கடை மேலே நாளெல்லாம் உன் சம்மட்டி இறங்கும். அப்படி ஒரு மாதம் வேலை பார்த்தவர்களுக்குள் மறைப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமை நான் மிஷன் கோயிலிலிருந்து திரும்பும்போது, நீ நம் கூலி வீட்டு லைனுக்குப் பின்னால் செம்மண் தரையைப் பெருக்கிவிட்டுக் காத்திருப்பாய். எண்ணுவதற்கு நான் வேண்டும். உள்ளங்கை இரண்டும் தோளகலத்தில் ஊன்றியிருக்கும். இடுப்பைப் பின்னால் தூக்கி, நெஞ்சைத் தரையோடு ஒட்டி முன்னே வழியவிட்டு, முழங்கை முழுக்க நிமிர எழும்புவாய். மூச்சை எங்கேயும் அடக்க மாட்டாய். நெஞ்சில் மண் படவில்லை என்று உனக்கே தோன்றினால், "அது சேராது, கழிச்சுடு" என்பாய். நான் பார்க்காததைக்கூட நீ கழிப்பாய்.

"பாதித் தண்டால்னு ஒண்ணு கெடையாதுடா. எடுத்தா எடுத்தது. இல்லன்னா சும்மா கவுந்து படுத்துக்கினு கீறன்னு அர்த்தம்" என்று சொல்வாய். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

ஒரு ஞாயிறு நம் மாரிகுப்பத்துக்கும் கோரமண்டலுக்கும் போட்டி வைத்தார்கள். துரைமார் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். கோரமண்டல்காரன் அறுநூறு எடுத்தான், எல்லாம் மாணிக்கம் எடுத்த மாதிரி. நீ நானூறு எடுத்தாய். மாலை அவன் கழுத்தில் விழுந்தது. நான் சண்டைக்குப் போனேன். நீ என் கையைப் பிடித்து இழுத்தாய். "அவன் அறநூறு எடுக்கல. நான் நானூறு எடுத்தேன். வா, பசிக்குது" என்றாய்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களில் நம் சுரங்கத்துக் கேப்டன் துரையும் ஒருவர். நல்ல உடம்பு எது, கெட்ட உடம்பு எது என்று கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை என்று அவருக்கு அன்றைக்குத்தான் பட்டதாக மேஸ்திரி பிறகு என்னிடம் சொன்னார். சில மாதத்தில் உத்தரவு வந்தது. காய்ச்சல் என்று படுத்துத் திரும்புகிற எவனும் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் வாசலில் துரைக்கு முன்னால் ஐம்பது தண்டால் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் வேலைப் பட்டியலிலிருந்து பேர் அடிபடும், லைன் வீட்டையும் காலி செய்ய வேண்டும். எனக்கு இங்கிலீஷில் எண்ணத் தெரியும் என்பதால் எண்ணுகிற வேலை என் தலையில் விழுந்தது.

ஜனங்கள் சீக்கிரமே வழி கண்டுபிடித்தார்கள். தலையை ஆட்டினால் போதும். துரைக்கு முழுத் தண்டாலும் தெரியாது, பாதியும் தெரியாது. நான் நடுநடுவே இரண்டு மூன்று எண்ணைத் தாண்டுவேன். மேஸ்திரி வேறு பக்கம் பார்ப்பார். கால் நடுங்க வந்த எத்தனையோ பேர் அப்படித்தான் பிழைத்தார்கள். அதில் எனக்கு வெட்கமே இல்லை, இன்றைக்கும் இல்லை.

பிறகு நீ படுத்தாய். பாறைத் தூசி எத்தனையோ நாளாக உன் நெஞ்சில் இறங்கிக்கொண்டிருந்தது. இருமலோடு ஆரம்பித்து மூன்று வாரம் காய்ச்சல். நீ வேலைக்குத் திரும்பிய அன்று காலை, உன் மனைவி பாக்கியம் என்னை வாசலில் நிறுத்தினாள்.

"அண்ணே, ராத்திரி பூரா அவருக்கு மூச்சு வாங்குது. தாண்டி எண்ணிடுங்க. எல்லாருக்கும் பண்றதுதானே?"

"சரிம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஷாப்டுக்குப் போகிற வழியில் உன்னிடமும் சொன்னேன். "பாதி பாதியா எடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்." நீ ஒன்றும் சொல்லவில்லை. சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷிப்டுக்காரர்கள் முன்பே கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்கிவிட்டிருந்தார்கள். துரை, மேஸ்திரி, நீ, நான், நாலே பேர். துரை பைப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி வழக்கம்போல் முதுகைக் காட்டி நின்றார். நீ கையை ஊன்றினாய். முதல் தண்டாலிலேயே நெஞ்சு தரையில் பட்டது. இருபத்திரண்டு வந்ததும், "ட்வெண்டி பைவ்" என்று தாண்டினேன்.

நீ நின்றுவிட்டாய். கைகள் நிமிர்ந்தபடி, கண் தரையில். எனக்கு மட்டும் கேட்கிற குரலில், "இருவத்தி மூணு" என்றாய்.

அசையவில்லை. துரை பைப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லாமல், "ட்வெண்டி த்ரீ" என்றேன். எண்ணத் தெரியாத முட்டாள் என்பதுபோல் துரை என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு கண்ணை எடுக்கவில்லை. இனி ஒன்றைக்கூடத் தாண்ட முடியாது. வழியை நீயே அடைத்துவிட்டாய்.

முப்பத்தைந்தில் உன் கைகள் நடுங்கின. நாற்பதுக்குமேல் ஒவ்வொன்றுக்கும் நடுவில் அப்படியே தொங்கி நின்றாய். ஆனாலும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு மண்ணைத் தொட்டது, முழங்கை முழுசாய் நிமிர்ந்தது. ஐம்பதில் எழுந்து நின்றபோது உன் உதடு நீலமாயிருந்தது. துரை சந்தோஷமாகச் சீட்டில் ஏதோ எழுதினார். உடனே கீழே போகச் சொன்னார்.

கேஜில் நீ என் தோளில் சாய்ந்தாய். எனக்கு உன்னை அறைய வேண்டும் போலிருந்தது. "இன்னாத்துக்குடா இது? முழுசு எது, பாதி எதுன்னு அந்த தொரைக்குத் தெரியுமா?" என்றேன்.

"எனக்குத் தெரியுமில்ல" என்றாய்.

இதுதான் உன் பதில். அந்த நாலு பேரில் மூன்று பேருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. உனக்கு ஒருத்தனுக்குத் தெரியும் என்பதற்காக, இருந்த மூச்சையெல்லாம் அந்த மண்ணில் கொட்டிவிட்டு வந்தாய். பாக்கியத்தை நினைத்தாயா? என்னையாவது நினைத்தாயா?

கீழே ஏழெட்டு அடிதான் அடித்திருப்பாய். சம்மட்டி தலைக்குமேல் போனபோது உன் கைகள் தளர்ந்துபோயின. அது நேரே என் விரல்மேல் இறங்கியிருக்க வேண்டியது. நீ உடம்பை முறுக்கி அதைப் பின்னால் எறிந்தாய். அப்புறம் உட்கார்ந்தாய். இருமினாய். மெழுகுவத்தியைக் கிட்டே கொண்டுவந்தபோதுதான் ரத்தம் தெரிந்தது. ஒன்பது நாள் இருந்தாய்.

உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள் பாக்கியம் ஆபீஸுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். வேலையால் செத்தவனுடைய குடும்பம் வீட்டில் இருந்துகொள்ளலாம் என்று அப்போது ஒரு வழக்கம் இருந்தது. அவள் அதைத்தான் கேட்டாள். துரை உன் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அவர் சொன்னதை மேஸ்திரி தமிழில் சொன்னார். "அம்பது தண்டால் எடுத்திருக்கான், தொரையே பாத்தாராம். அம்பது எடுக்கறவன் நல்ல உடம்புக்காரன். வேலையால சாகல, வேற ஏதோ நோவுன்றாரு."

நீ எடுத்த தண்டாலையே உனக்கு எதிர்ச்சாட்சியாக வைத்துவிட்டார்கள். சீட்டு பொய் என்றால்தான் பாக்கியத்துக்கு வீடு. "தொரை, நான் பொய்யா எண்ணினேன்" என்றேன். "அவனால முடியல. முப்பதுதான் எடுத்தான். மிச்சம் நான் தாண்டினது."

மேஸ்திரி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை இங்கிலீஷில் சொன்னார். துரையின் முகம் சிவந்தது. மற்றவர்களுக்கும் இப்படித்தானா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதுவாவது நிஜம்.

அன்றைக்கே என் பேர் அடிபட்டது. இந்த ஆட்களைத் தண்டாலை வைத்து நம்ப முடியாது என்று துரை அந்தச் சோதனையையே நிறுத்தினார். அதுமுதல் ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் போதும் என்றார்கள். ஆனால் பாக்கியத்துக்கு வீடு கிடைக்கவில்லை. ஏமாற்றி இறங்கியவனுடைய குடும்பத்துக்கு இடமில்லை, மூன்று நாளில் காலி செய் என்றார்கள். யாருக்காகப் பொய் சொன்னேனோ அவளுக்கு மட்டும் அது உதவவில்லை.

பூதிகோட்டையிலிருந்து அவளுடைய அண்ணன் வண்டி கொண்டுவந்தான். பாத்திரத்தை ஏற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"நெசமாவே முப்பதுதானா அண்ணே?"

"இல்லம்மா. அம்பது. ஒண்ணொண்ணும் முழுசு."

"அப்ப ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"உன் வீட்டுக்காகத்தாம்மா."

"வீடுதான் போச்சே. தாண்டி எண்ணச் சொன்னது நான்தான், இல்லன்னு சொல்லல. அவரு மாட்டேன்னாரு. அவரு மாட்டேன்னதையே அவரு பண்ணினாருன்னு சொல்லிட்டு வந்துட்டீங்க. இப்பப் போயி நெசத்தச் சொல்லுங்க."

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். அன்று காலைதான் நாலாவது வீட்டுக்காரன் காய்ச்சலோடு ஷாப்டுக்குப் போய், ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டி, இன்னும் நாலு நாள் படுத்துக்கொள்ள உத்தரவு வாங்கி வந்திருந்தான். ஒருவன் உண்மையாகவே ஐம்பது எடுத்தான் என்று துரைக்குத் தெரிந்தால் சோதனை மறுபடி வந்துவிடும். நோயாளிகள் மறுபடி மண்ணில் குப்புற விழுவார்கள். அதனால்தான் போகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பயமும் இருந்தது. எது எவ்வளவு என்று இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை. வண்டி போய்விட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

கோரமண்டலில் வேறொரு சுரங்கத்தில் மரம் சுமக்கிற வேலை கிடைத்தது. நான் வருவதற்கு முன்பே கதை வந்துவிட்டது. முப்பதே எடுத்தவன் நீ, ஐம்பது என்று கத்தினவன் நான். என்னைச் சொல்லட்டும். சாப்பாட்டு வேளையில் உன்னைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். தண்டாலில் பெரிய ஆள் என்று பேர் வாங்கினவன் கடைசியில் தலையாட்டிவிட்டுத்தான் போனான் என்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் ஆஸ்பத்திரிச் சீட்டோடு இரண்டு நாள் மூன்று நாள் வீட்டில் படுத்து எழுந்தவர்கள். அந்த ஓய்வு யாருடைய பேரைக் கெடுத்துக் கிடைத்தது என்று அவர்களுக்குத் தெரியாது. நான் மரத்தைத் தோள் மாற்றிக்கொண்டு நடந்துவிடுகிறேன்.

நீ இருந்திருந்தால் இதற்குச் சம்மதித்திருக்க மாட்டாய். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று சொன்னாலும் மாட்டாய். அது தெரிந்தேதான் செய்தேன். துரை மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். உன் கோபத்தையும் வைத்துக்கொள்கிறேன், என் கோபத்தையும் விடமாட்டேன்.

ஆனால் இந்தத் தாளில் பொய் இல்லை. அன்று காலை நீ எடுத்தது ஐம்பது. ஐம்பதும் முழுசு. எண்ணினவன் நான்.