நாக்குக்கு அடியில்

பிப்ரவரி 3
தங்கை இன்று குளியலறையில் மயங்கி விழுந்தாள். கதவை உடைக்காத குறை. கடையில் தைராய்டு மாத்திரை விலை எகிறியதும், "இந்த விலைக்கு வேணாங்க்கா" என்று அவளே நிறுத்திவிட்டாள்.

எங்கள் இருவருக்கும் ஒரே நோய். அம்மா விட்டுப்போன ஒரே சொத்து. எனக்குச் சலவை ஆலையில் வேலை, அதனால் ஆலை மருந்தகத்தில் மாத்திரை இலவசம். அவளுக்கு வேலை இல்லை, அதனால் மாத்திரை இல்லை. மாத்திரை இல்லை, அதனால் எழுந்து வேலை தேடத் தெம்பில்லை. எவன் போட்ட கணக்கோ!

பிப்ரவரி 5
மாத்திரையை யாரோ வெளியே விற்கிறார்கள் என்று மருந்தக நர்சுக்குச் சந்தேகம். அதனால் தினமும் ஷிப்ட் தொடங்கும் முன், வெறும் வயிற்றில், அவள் கண்ணெதிரே விழுங்க வேண்டும்.

"வாயத் தொற" என்றாள். திறந்தேன். நாக்குக்கு அடியில் இருந்தது அவளுக்குத் தெரியவில்லை. வெளியே வந்து கைக்குட்டையில் துப்பினேன். ஓரம் லேசாகக் கரைந்திருந்தது.

தெரிந்த கடைக்காரர் மலிவாகத் தருகிறார் என்று தங்கையிடம் அளந்துவிட்டேன். "அட்டை எங்கக்கா?" என்றாள். "ஒண்ணொண்ணா வாங்குறதுக்கு அட்டை வேறயா?" என்றேன். நம்பிவிட்டாள். பாவம்.

பிப்ரவரி 27
ஒரு நாள் எனக்கு, ஒரு நாள் அவளுக்கு என்றுதான் இருந்தேன். ஆனால் அவள் முகவீக்கம் வடிகிறது, நேற்று வாய்விட்டுச் சிரித்தாள். அதைப் பார்த்தபிறகு என் பங்கு எப்படித் தொண்டையில் இறங்கும்? இனி எல்லாம் அவளுக்கே.

ஏப்ரல் 9
குளிர்கிறது. இஸ்திரி இயந்திரத்தின் ஆவி முகத்தில் அடிக்கும்போதே குளிர்கிறது என்றால் யார் நம்புவார்கள்? முடி சீப்போடு வருகிறது. குரல் கட்டைக் குரலாகிவிட்டது. "கல்யாணம் ஆகாமலே உங்கிட்ட ஆம்பளக் குரல் கேக்குதே" என்றாள் பக்கத்து இயந்திரக்காரி. நானும் சேர்ந்து சிரித்தேன். வேறென்ன செய்ய?

ஏப்ரல் 30
ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. ஆலை டாக்டர் தலையைச் சொறிந்தார். "தினம் சாப்பிட்டுமா இப்படி?"

"என் கண்ணு முன்னாடிதான் முழுங்குறா டாக்டர்" என்று நர்ஸ் எனக்காகச் சத்தியம் செய்தாள்.

"அப்ப இவ உடம்பு மருந்த ஏத்துக்கல" என்று எழுதிவிட்டார்.

மே 28
நின்றபடியே தூங்கிவிட்டேன். விரிப்பு கருகிய வாசனையில்தான் விழித்தேன்.

சூப்பர்வைசர் கத்தக்கூட இல்லை. "மருந்து குடுத்தும் தேறலன்னா நாங்க என்ன செய்யறது? வீட்டுல வேற யாராச்சும் இருந்தா அனுப்பு, சேத்துக்கறேன்."

தங்கை இருக்கிறாள் என்றேன். யோசித்துத்தான் சொன்னேன். அவள் தெம்பாக இருக்கிறாள். இனி அவளுக்கு மாத்திரை கிடைக்கும். எனக்கும் கொஞ்சம் கொண்டுவருவாள்.

ஜூன் 6
அவளுக்கு இன்று முதல் நாள். "அங்கயே முழுங்கணுமாம்க்கா. முழுங்கிட்டேன்."

ஜூன் 8
சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். நீயும் அதே மாதிரி எனக்குக் கொண்டுவா என்றும் கேட்டேன்.

"எச்சிலயா? இத்தனை நாளும் உன் எச்சிலயா எனக்குக் குடுத்த?" தொட்டிக்கு ஓடிப்போய் விரலை விட்டு ஓங்கரித்தாள். எப்போதோ தின்றது இப்போதா வரும்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த எச்சிலில்தானேடி எழுந்து நின்னே?

பிறகு அமைதியாகச் சொன்னாள். "மாட்டுனா வேல போயிடும்க்கா. அப்புறம் ரெண்டு பேருமே பட்டினிதான். சம்பளம் வரட்டும், வெளியில வாங்கித் தரேன்."

நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவளிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஜூன் 19
இன்று முழுக்கப் படுக்கை. என்ன எழுத வந்தேன் என்று மறந்துபோனது.

ஜூலை 1
அவளுக்குச் சம்பளம். பையோடு வந்தாள். உள்ளே ஒரு ஸ்வெட்டர்.

"எப்பப் பாத்தாலும் குளிருதுங்கிறியே, அதான்."

"மாத்திரை?"

"விலை கேட்டேன்க்கா. ஒரு மாசத்துல தீந்துபோற சாமானுக்கு அவ்வளவா? இது வருஷக்கணக்கா உழைக்கும்."

என் விரல்கள் வீங்கியிருப்பதால் பொத்தான்களை அவளே போட்டுவிட்டாள். அளவு சரியா என்று கேட்டாள். சரி என்றேன்.