ஏழாம் கூடாரத்துக் கற்பூர மரம்

நாள் 611, காலை 7.00
ஏழாம் கூடாரம். வெப்பம் பதினெட்டு. ஈரப்பதம் சரி. மரம் நலம்.

எழுதுபவன் போஜன், கோத்தகிரிக்காரன், இந்த மரத்துக்குக் காவல். இந்த வகை யூகலிப்டஸைப் பூமியில் பூஞ்சை தின்று தீர்த்துவிட்டது. மிச்சம் இது ஒன்று, செவ்வாயில். எங்கள் மலையில் கற்பூர மரம் என்போம். கிளை கொள்ளாமல் காய்கள். உலர்த்தினேன், வெந்நீரில் போட்டேன், ஒன்றும் வாய் திறக்கவில்லை. உடைத்தால் விதை நசுங்குகிறது. விதை கிடைக்காவிட்டால் இந்த இனம் இதோடு சரி.

நாள் 611, மதியம் 1.30
தண்ணீர்ப் பிரிவுத் தலைவி சகாயராணி வந்தாள். பனி உருக்கும் இயந்திரம் பத்து நாளாகப் பழுதாம். எல்லோருக்கும் பாதித் தண்ணீர்தானாம். மரம் ஆறு பேரின் தண்ணீரைக் குடிக்கிறது, வெட்டியாக வேண்டும் என்றாள்.

ஊரிலும் இதையேதான் சொன்னார்கள். வெளிநாட்டு மரம், தண்ணீர் குடிக்கிற மரம் என்று மலை மலையாக வெட்டினார்கள். நான் எழுதிய மனுக்களை ஒருவரும் படிக்கவில்லை. இந்த முறை மனு இல்லை. கதவைத் தாழிட்டுவிட்டேன்.

நாள் 612, காலை 6.40
வானொலியில் குழாய்ப் பணியாளன் அமல்ராஜ்: "பெருசு, கதவத் தொற. நாங்க குளிச்சு பத்து நாளாச்சு."

என் பதில்: "குளிச்சாலும் நீ இப்படித்தாண்டா இருப்ப."

பின்னால் நாலைந்து பேர் சிரித்தார்கள். அரை மணி நேரத்தில் குழாயில் தண்ணீர் நின்றது. என் குடிதண்ணீரை வேருக்கு ஊற்றினேன்.

நாள் 613, காலை 9.15
சூடேற்றியையும் நிறுத்திவிட்டார்கள். வெப்பம் நான்கு. இலை ஓரம் கறுக்கிறது.

சகாயராணி: "ஐயா, எம் மகளுக்குக் காய்ச்சல். அவ நாக்க நனைக்கிற தண்ணிய அந்த மரம் குடிக்குது. நான் ஒங்களுக்கு எதிரியில்ல."

அவளுக்குப் பேச அம்மா இருக்கிறாள், மரத்துக்கு நான்தான் என்றேன். வானொலியை அணைத்தேன். என் கம்பளியை அடிமரத்தில் சுற்றினேன். குளிர்தான்.

நாள் 613, மாலை 4.10
ஊரில் தைலம் காய்ச்சுகிற நாங்கள் தைலம் எடுத்த இலைச் சக்கையையே அடுப்புக்குப் போடுவோம். இங்கே இவர்கள் இருமலுக்கு நெஞ்சில் தேய்த்துக்கொண்டதெல்லாம் இந்த மரத்து இலையில் நான் காய்ச்சிய தைலம். அந்தச் சக்கை மூட்டை மூட்டையாக இருக்கிறது. இரும்பு வாளியில் மூட்டினேன். நெருப்பு கூடாது என்பது அவர்கள் சட்டம். சூடு போய்விடாதபடி காற்றுத் துளைகளில் சாக்கு அடைத்தேன்.

வெப்பம் பதினொன்று. மரம் பிழைக்கும்.

நாள் 613, மாலை 5.20
சூட்டில் தைல ஆவி கூடாரமெங்கும் நிறைந்து கண்ணை எரிக்கிறது. மலையில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். இங்கே ஏது காற்று. வாளியை அணைக்க

நாள் 613
நேரம் தெரியவில்லை. கடிகாரம் உருகிவிட்டது.

தைல ஆவி பற்றிக்கொண்டது. தாளோடு வேர்க்குழியில் குப்புற விழுந்தேன். மரம் அடியிலிருந்து உச்சி வரை ஒரே மூச்சில் எரிந்தது. உள்ளே இருந்த காற்றையெல்லாம் தின்றுவிட்டு நெருப்பு தானாக அணைந்தது. கதவு வளைந்து சிக்கிக்கொண்டது. வெளியே அறுக்கிறார்கள். சகாயராணி கத்துகிறாள்: "ஐயா, கீழ படுங்க, மூச்ச அடக்குங்க."

நான் செய்தது தப்பு என்று எழுதமாட்டேன். சூட்டை நிறுத்தியது அவர்கள்.

மேலே சத்தம். டக், டக் என்று. காய்கள். நெருப்புக்கு வாய் திறக்கின்றன. தேயிலைத் தூள் மாதிரி விதை கொட்டுகிறது, என் தலையில், தாளில், சாம்பலில்.

உள்ளே வருகிறவர்களுக்கு. சாம்பலை மிதிக்காதீர்கள். கூட்டிப் பெருக்காதீர்கள். என் பங்குத் தண்ணீர் இனி எனக்கு வேண்டாம். அதை ஒருவரும் குடிக்கக் கூடாது. இங்கே ஊற்