நாற்பத்தோராவது நாள்

அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் ஸ்பூன் கையில் தட்டுப்பட்டது. குன்னூரில் தேயிலை ருசி பார்க்கும் வேலையில் இருந்த காலமெல்லாம் உங்கள் கோட்டுப் பையில் கிடந்த அந்த வெள்ளி ஸ்பூன். கறுத்திருந்தது. பல்பொடி போட்டுத் தேய்த்தேன். எதையும் அழுக்காக விட்டுவைக்க எனக்கு வராது, உங்களுக்குத் தெரியும்.

கோப்பை கோப்பையாக உறிஞ்சித் துப்பி, இது தேவர்சோலை இலை, இது மழைக்குப் பின் பறித்தது என்று சொல்லிவிடுவீர்கள். ஒரு நாள் மாலை, வந்ததும் வராததுமாகச் சொன்னீர்கள்:

"எந்த இலைன்னு நாக்குக்குத் தெரியுது புள்ள. ஆனா எதுவுமே ருசிக்க மாட்டேங்குது."

"பாட்டில் மட்டும் ருசிக்குதாக்கும்?"

"அதுவும் ருசிக்கலை. ஆனா கை போகுது."

பொய் என்றே நினைத்தேன். என்னிடம் சாட்சி இருந்தது. தவக்காலம் தொடங்கும்போதெல்லாம் உங்களைப் பீடத்தின் முன் நிறுத்தி, குடிக்க மாட்டேன் என்று சொல்லவைப்பேன். நாற்பது நாளும் தொடமாட்டீர்கள். ஈஸ்டர் அன்று மதியத்துக்குள் வாடை வந்துவிடும்.

"நாப்பது நாள் முடிஞ்சுது. நாப்பத்தோராவது நாள் மட்டும் முடியலீங்களா?"

"நாப்பது நாளும் அதையே நெனச்சுட்டுத்தான் புள்ள இருந்தேன்."

மனஉறுதி இல்லாத மனிதர் என்று ஊரறியச் சொன்னேன். கல்லீரல் கெட்டு நீங்கள் படுக்கையில் கிடந்தபோதும், கண்மூடும்வரை, அதையேதான் சொன்னேன்.

போன கிறிஸ்துமஸுக்கு அண்ணன் மகள் வந்திருந்தாள். பெங்களூரில் மூளை ஆராய்ச்சி செய்கிறாள். மேசை விரிப்பில் விரலால் கோடு போட்டுக் காட்டினாள்.

"ஆசைப்படறதுக்கு மூளையில ஒரு சர்க்யூட்டுங்க அத்தை, ருசிக்கறதுக்கு வேற. ருசி செத்தாலும் ஆசை நிக்காது. குடிக்காம இருக்கற நாள்லதான் சில பேருக்கு அது இன்னும் முறுக்கேறும். மாமா பொய் சொல்லலைங்க."

"இப்ப இருந்திருந்தா சரியாயிருக்குமா?"

"சொல்ல முடியாதுங்க அத்தை. பாதி விசயம் இன்னும் எலிகிட்டதான் பார்த்துட்டிருக்கோம்."

ஆறுதலுக்காவது ஆமாம் என்றிருக்கலாம். எங்கள் வீட்டுப் பெண், சொல்ல மாட்டாள்.

நாளை சாம்பல் புதன், தவக்காலம் தொடங்குகிறது. நீங்கள் பாட்டிலை விட்ட தவக்காலங்களில் நான் தேநீரை விட்டேன்; இன்றுவரை விடுகிறேன். இன்றைய கடைசிக் கோப்பையை உங்கள் ஸ்பூனால் உறிஞ்சிப் பார்த்தேன். நல்ல இலை, உறைபனிக்காலத்தில் பறித்தது. நாக்குக்குத் தெரிந்தது. அவ்வளவுதான். எப்போதிலிருந்து இப்படி என்று யோசித்தேன். பிடிபடவில்லை.

நாளைக்கும் பீடத்தின் முன் நின்று தேநீரை விடுகிறேன் என்றுதான் சொல்லப்போகிறேன். விடுவதற்கு அதில் ஒன்றுமில்லை என்பதை யாரிடம் சொல்வது? கேட்டால் நம்பியிருக்கக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்.