கடைப் பலகையில் இருந்த கண்

8 ஜூலை, திங்கள்

காலையிலேயே வெயில். கடை திறந்ததும் டிவியைப் போட்டேன். அரசுச் சேனலின் சின்னம் மாறிவிட்டது. கண் இருக்கிறது, ஆனால் ஆரஞ்சு நிறம், கண்ணாடி போலப் பளபளப்பு. ஒரே வீச்சில் வந்து நின்றுவிடுகிறது. இசையும் வேறு. ஒலியைக் கூட்டி வைத்து மறுபடி வருமா என்று காத்திருந்தேன். செய்தி தொடங்கிவிட்டது.

புள்ளலூர் முனுசாமி செட்டை எடுக்க வந்தார். ஸ்பீக்கர் மாற்றியாகிவிட்டது. போகும்போது வெளியே நின்று அண்ணாந்து பார்த்தார்.

"இன்னா பாய், டிவில கண்ணு மாறிப்போச்சி. உன் போர்டுல பழசே கீது."

ஆமாம். பழைய கூட்டாளி ஏகா எழுதியது.

9 ஜூலை, செவ்வாய்

புழுக்கம். கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது. வேலை ஓடவில்லை. ஞாபகத்தில் இருக்கிற வரை சின்னங்கள்:

- பிளாக் அண்ட் ஒயிட். இரண்டு வளைவு, நடுவில் உருண்டை. புகை மாதிரி மெல்லச் சுற்றிச் சுற்றிக் கண்ணாகும். அழுகிற மாதிரி இசை. தெருவே அமைதியாகும்.
- கலர். அதே சுற்றல், நீலத்தில்.
- படத்தின் மூலையிலேயே நாள் முழுக்க. அந்த மாதம் நாலு பேர் செட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "மூலையில இன்னாமோ ஒட்டிக்கினு கீது பாய், துடைச்சாலும் போவ மாட்டேங்குது."
- பூமி உருண்டை மேல் சுற்றியது. கொஞ்ச நாள்தான்.
- நேற்று வந்தது.

ஏகாம்பரமும் நானும் கடை ஆரம்பித்தது 91-ல். அவனுக்கு ஆன்டெனா வேலை, எனக்கு ரிப்பேர். பலகையில் என்ன போடலாம் என்றபோது அந்தக் கண்ணைப் போடலாம் என்றது அவன்தான். பார்த்து வரையப் படம் இல்லை. சுற்றல் முடிந்து கண் நிற்பது இரண்டு வினாடி. மூன்று நாள் காலையில் செட்டுக்கு முன் குந்தி, நின்ற நேரத்தில் ஒரு கோடு, மறுநாள் ஒரு கோடு. நான் பக்கத்தில் கண் சிமிட்டாமல் பார்த்து, "இன்னும் மேல, இன்னும் மேல" என்பேன்.

மாலை கலர் டிவி கம்பெனி ஏஜென்ட். கடைக்குப் புதுப் பலகை இலவசமாம், லைட் எரியுமாம். வெள்ளிக்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றார். சரி என்றுவிட்டேன்.

10 ஜூலை, புதன்

காலை நாஷ்டாவைப் பாதியில் வைத்தேன். மனைவி மெகர் என்ன என்று கேட்டாள், பலகை விஷயம் சொன்னேன்.

"எழுதினவருகிட்ட ஒரு வார்த்த சொல்லாம எறக்கினா நல்லாவா இருக்கும்?"

"பேசி அஞ்சு வருஷம் ஆவுது."

"அது யாரால?"

என்னால்தான். 97-ல் கேபிள் வந்தது. ஏஜென்சி எடுக்கலாம், ஆன்டெனா இனி ஓடாது என்றான் ஏகா. நான் ஒப்புக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டில் பத்துப் பேர் எதிரில் வாக்குவாதம். "போர்டு எழுதறவன் போர்டோட நிறுத்திக்கோ" என்றேன். கடையில் பாதி அவனுடையது. அதைச் சொல்லிச் சண்டை போட்டிருக்கலாம். கடையை அப்படியே விட்டுவிட்டுப் போனான். அப்புறம் கேபிள்காரன் ஆனான். ஊரில் ஆன்டெனாக்களை ஒவ்வொன்றாக இறக்கியதும் அவன் கேபிள்தான். அவன் சொன்னதுதான் நடந்தது.

மாலை அவன் வீடு வரை போனேன். அவன் காஞ்சிபுரம் போயிருந்தான். அவன் மனைவி கஸ்தூரி வாசலில்.

"வாங்கண்ணா. இன்னா இத்தினி வருசம் கழிச்சி?"

பலகையை இறக்கப்போவதைச் சொன்னேன். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள்.

"வூட்ல அத்தினி சேனல் கீது. காலையில அவருக்கு அந்த மீஜிக் கேட்டாதான் டீ எறங்கும். திங்கக்கெழம மாத்திட்டானாம். அன்னியிலேர்ந்து டிவிய தொடல."

தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

11 ஜூலை, வியாழன்

மேகம் வந்து கலைந்தது. மிக்ஸி ஒன்று, அயர்ன் பாக்ஸ் இரண்டு.

மதியம் எதிர்ப்பக்கம் டீக்கடை ஓரம் ஏகா. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். காதோரம் நரை. பிறகு ரோட்டைத் தாண்டி வந்தான். உட்காரவில்லை.

"வூட்டுக்கு வந்தீங்களாமே."

'வந்தீங்க'. ஒருநாளும் என்னை அப்படிச் சொன்னவன் இல்லை.

"நாளைக்கு எறக்குறாங்க. உன்கிட்ட சொல்லணும்னு வந்தேன்."

"என்கிட்ட எதுக்கு? உங்க கட."

வெளியே எட்டிப் பலகையை அண்ணாந்து பார்த்தான்.

"எடது பக்க வளைவு தடிமனா பூட்ச்சி" என்றான். "எழுதி மாட்டின அன்னிக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"சொல்லவேயில்லியே?"

"மூணு நாள் குந்திக்கினு வரைஞ்சியே. எப்படி சொல்றது?"

அவனுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது, வரவில்லை. விட்டால் போய்விடுவான் என்று தோன்றியது.

"பஸ் ஸ்டாண்டுல சொன்னது தப்பு ஏகா. சொல்லி முடிச்சப்பவே தெரியும். வந்து கேக்கத்தான் மொகம் இல்ல."

அவன் என்னைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த டெஸ்டரை எடுத்து, உருட்டி, அதே இடத்தில் வைத்தான்.

"எத்தினி மணிக்கு எறக்குறாங்க?"

"ஜும்மா முடிஞ்சி."

போய்விட்டான். மாலை வரை ஒரு வேலையும் செய்யவில்லை. மெகரிடம் சொன்னேன். "கேட்டுட்டீங்க இல்ல, அது போதும்" என்றாள்.

12 ஜூலை, வெள்ளி

காற்று. தொழுகை முடிந்து வரும்போதே கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் ஏணியோடு. புதுப் பலகையில் கம்பெனி பெயர் பெரிதாக, கடைப் பெயர் அடியில் சின்னதாக.

போல்ட் எல்லாம் துரு. ஒருவன் சுத்தியலை ஓங்கினான். பின்னால் ஒரு குரல், "அடிக்காத, தகடு மடிஞ்சிடும்." ஏகா. கையில் எண்ணெய் டப்பா, தோளில் கேபிள் இழுக்கிற கயிறு. யாரையும் கேட்காமல் ஏணியில் ஏறினான். ஒவ்வொரு போல்டிலும் எண்ணெய் விட்டுக் காத்திருந்தான். கம்பெனி ஆட்கள் முணுமுணுத்தார்கள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

பழசை அவர்களே எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். மேலிருந்து ஏகாவும் அதையேதான் சொன்னான்.

கடைசி போல்ட் கழன்றது. பலகை ஒரு பக்கம் சரிந்தது. பிடிக்கக் கை நீட்டினேன்.

"டேய் சலீமு, கால் மேல உழப்போவுது, தள்ளி நில்லுடா."

தள்ளி நின்றேன்.